பதினொரு பேரும் ஒரு புல்லாங்குழல்காரனும்

ஸ்கிப்டன்
நவம்பர் 19, 1986

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் வெலிங்டன் காற்றில் சளி பிடிக்காமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் சொல்ல வேண்டியவற்றை முதலிலேயே எண் போட்டு வைக்கிறேன்.

1. உடம்பும் வீடும்.
2. பொம்மைச் சிப்பாய்ச் சங்கக் கண்காட்சியில் அம்மா வார்த்த பேண்டு குழு அணிவகுத்ததா என்று நீ கேட்டதற்குப் பதில்.
3. வெவ்வேறு கம்பெனிப் பொம்மைகளைக் கலந்து வைக்கக் கூடாது என்பதில் நியாயம் உண்டு.
4. அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

டாக்டர் நடக்கச் சொல்கிறார், மழை விட்டால்தானே நடக்க. கூரைத் தகரக்குழாயைச் சரி செய்தாயிற்று. சாப்பாடு போதுமான அளவு நடக்கிறது, கவலைப்படாதே.

இனி இரண்டாவது. என் பேண்டு குழுவில் லண்டன் கம்பெனிப் பொம்மைகள் ஒன்பதுதான் என்பதும், வரிசையை நிரப்ப அம்மா நம் சமையலறையில் ஈயம் உருக்கிப் பன்னிரண்டு வார்த்தாள் என்பதும் உனக்குத் தெரியும். அவளுடையவை ஒரு இழை குள்ளம். அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் அட்டை ஒட்டி, பச்சைக் கம்பளத்தில் பீடம் தெரியாதபடி பதித்தேன். மூன்று வாரம் ஆயிற்று. குனிந்து பார்த்தால் இருபத்தொரு தொப்பிகளும் ஒரே கோட்டில் நின்றன. கண்காட்சியன்று காலை பத்து மணிக்குச் சங்கத் தலைவர் பாசெட் வந்தார். மேசையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, என்ன வாத்தியாரே, அணிவகுப்பா இல்ல சந்தைக் கூட்டமா, வீட்டுல வார்த்ததையெல்லாம் அசலோட நிறுத்தி வெச்சிருக்கீங்க, சங்கத்து மானம் போகுதுய்யா என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னார். எடுத்துவிடுகிறேன் என்றேன். நீங்க சும்மா இருங்க, நான் பொறுக்குறேன் என்று அவரே பன்னிரண்டை எடுத்து பிஸ்கட் டப்பாவில் போட்டார். அடியைத் திருப்பினால் கம்பெனி முத்திரை உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். திருப்பிப் பார்ப்பது கற்றுக்குட்டிகள் வேலை என்பார் அவர். அப்படி அவர் எடுத்த பன்னிரண்டில் ஒன்று லண்டன் கம்பெனியின் புல்லாங்குழல்காரன். அவர் விட்டு வைத்தது அம்மாவின் பெரிய டிரம்காரன்.

அன்று மாலை வரை வந்தவர்களையெல்லாம் கூட்டி வந்து அந்த டிரம்காரனைத்தான் காட்டினார். பாருங்கம்மா, இந்தக் கன்னத்துச் சிவப்பைப் பாருங்க, அசல் கைன்னா இதுதான், இப்போ எவனுக்கு வரும் இந்தக் கை என்றார். நான் இரண்டடி தள்ளித் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். தேநீர் ஊற்றும் டோரீனுக்கு அம்மாவின் கைவேலை தெரியும். அவள் என் முழங்கையை இடித்து, ஆம்ப்ரோஸ், அது நம்ம மூரியல் செஞ்சதுதானே, சொல்லித் தொலையேன்யா, வாயில என்ன என் கேக்கா அடைச்சிருக்கு என்றாள். சர்க்கரை எங்கே என்று கேட்டுவிட்டு நகர்ந்தேன். கடைசியில் பாசெட் வந்து, இவனைச் சங்கத்து அலமாரியில் அசலுக்கு மாதிரியாக நிரந்தரமாக வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். "லண்டன் தயாரிப்பு, ஆம்ப்ரோஸ் தாக்ரே வழங்கியது" என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். பேத்திக்கு அம்மாவின் பன்னிரண்டு பேரையும் அனுப்பச் சொல்லியிருந்தாய். பதினொரு பேரும் ஒரு புல்லாங்குழல்காரனும்தான் வருவார்கள்.

மூன்றாவதை இப்போதும் நம்புகிறேன். ஒரு கம்பெனி இடது காலைத் தூக்க வைக்கும், இன்னொன்று வலது காலை. ஒன்றின் சாயம் பளபளக்கும், மற்றொன்று மங்கும். பார்க்கிறவன் கண் தடுக்கி விழும். ஒரு மேசைக்கு ஒரு கம்பெனி என்ற விதி முட்டாள்தனமானதல்ல. நானே பாடம் எடுப்பதுபோல் அதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். பாசெட்டிடம் பேசாமல் இருந்ததற்கு அந்த விதிதான் காரணம் என்றுகூட எழுதப் பார்த்தேன். இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன்.

பொட்டலம் பிரிக்கும்போது குழந்தை பொம்மையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள், ஈயம். மாப்பிள்ளையை ஏணியில் ஏற விடாதே. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு வரி எழுது. கடவுள் உங்கள் மூவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

உறையை ஒட்டுமுன் ஒரு முறை படித்துப் பார்த்தேன். நான்காவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, எழுத வரவில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அவள் சாயம் தீட்டிய குதிரைப்படைப் பொம்மைகளுக்குச் சங்கத்தார் என் பெயரில் பரிசு அட்டை எழுதினார்கள். நான் திருத்தவில்லை. அம்மா அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள் என்றுதான் உன்னிடம் இத்தனை வருடமும் சொல்லி வந்திருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை, ஹெஸ்டர். தூரிகைகளைக் கழுவித் துடைத்து வைத்தாள். அதற்குப் பிறகு சங்க மண்டபத்துப் படியை அவள் மிதிக்கவே இல்லை. நான்காவதாக நான் எழுதியது தவறு.

உன் அப்பா,
ஆம்ப்ரோஸ்