பத்து ரூபாய்க் காசு

12 ஜூன், புதன்

பருப்பு லோடு வந்து இறங்கியது. என் மளிகைக் கடைவாசலில் மாம்பழம் விற்கும் மாரீஸ்வரி ஒரு பை நிறையப் பத்து ரூபாய்க் காசு கொண்டுவந்தாள். நாலாயிரம். கண்டக்டர் வாங்குவதில்லை, வத்திராயிருப்புத் தோப்புக்காரரும் வாங்குவதில்லை. செல்லாது என்று எவனோ கிளப்பிவிட்டது இன்னும் ஓயவில்லை. நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொண்டு மூவாயிரத்து அறுநூறு நோட்டாகக் கொடுத்தேன்.

"பேங்குல வாங்க மாட்டாவளா அண்ணாச்சி?"

"பேங்கா? கையால தொட மாட்டாவ."

வாயில் தானாக வந்தது.

13 ஜூன், வியாழன்

ராஜபாளையம் பஜாரில் எல்லோரும் எடுக்கிற கமிஷன்தான். அதில் தப்பில்லை. பொய் எதற்கு? பொய் சொல்லாவிட்டால் கமிஷன் ஏது.

18 ஜூன், செவ்வாய்

இங்கே பேங்கில் எல்லாம் தெரிந்த முகம் என்று, காசை மாற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மாரீஸ்வரி வீடும் அதே ஊரில், மடவார் வளாகத்தில் என்பது ஞாபகம் வரவில்லை. காசாளர் எண்ணி வாங்கினார். ஒரு பைசா பிடிக்கவில்லை.

பக்கத்துக் கவுன்டரில் மாரீஸ்வரி. அடகு வைத்த கம்மலைத் திருப்ப வந்திருக்கிறாள். நாளைக்கு ஏலம்.

"நானூறு குறையுதேம்மா" என்கிறார் கிளார்க்.

திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. காசாளர் முன்னால் கிடந்த பையைப் பார்த்தாள். அவளே பழைய பாவாடையில் தைத்த பை.

நானூறை எடுத்து நீட்டினேன். "வச்சுக்கோ தாயி, பொறவு..."

"பொறவு என்ன பொறவு? இது என் காசுதான."

எண்ணி வாங்கினாள். கம்மலை அங்கேயே காதில் போட்டுக்கொண்டாள்.

ராத்திரி என்னை நானே ஏசிக்கொண்டேன்: என்ன மனுசன்லே நீ. தள்ளுவண்டியில முறுக்கு வித்தப்ப உன் சில்லறையிலயும் ஒருத்தன் இப்படித்தான வெட்டுனான். அவன எம்புட்டு ஏசுன.

20 ஜூன், வியாழன்

வேறு இடம் பார்த்துப் போய்விடுவாள் என்று நினைத்தேன். வாசலில்தான் இருக்கிறாள். கல்லா பக்கம் திரும்பவில்லை.

24 ஜூன், திங்கள்

காலையில் பூக்காரி, கீரைக்காரி என்று நாலைந்து பேர் சில்லறைப் பைகளோடு பேங்குக்குப் போனார்கள். முன்னால் மாரீஸ்வரி.

மத்தியானம் அவளிடம் ஒரு கிலோ மாம்பழம் வாங்கினேன். எண்பது ரூபாய். இருநூறைக் கொடுத்து, மிச்சம் இருக்கட்டும் என்றேன். பத்து ரூபாய்க் காசுகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தாள். பன்னிரண்டு.

"சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க சார்."

ஒன்பது வருஷமாக அண்ணாச்சி என்று கூப்பிட்டவள்.