கண்ணாடியில் ஏறிய நட்சத்திரம்

12-6-1968, புதன்

உலகத்தாருக்கு ஓர் அறிவிப்பு: திருப்பூரில் இன்று சாயங்காலம் நட்சத்திரம் ஒன்று மேலே ஏறியது. வானத்தில் அல்ல, எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில்.

ராமேஸ்வரத்திலிருந்து மாமா கடல் தண்ணீரோடு கொண்டுவந்த நட்சத்திர மீன் காலையில் அசையவே இல்லை. தண்ணீர் குறைந்துவிட்டதே என்று நேற்று அப்பாவின் சாயப்பட்டறை உப்பைக் கரைத்து ஊற்றியிருந்தேன்.

"ஆவியாப் போனது தண்ணி மட்டுந்தானேடா? உப்பு உள்ளயேதான இருக்குது? மீனை ஊறுகா போட்டுட்டயே!" என்று அக்கா கத்தினாள். அவளே நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

"அதுக்கு நேரஞ் செரியில்ல கண்ணு," என்றாள் அம்மா.

"நட்சத்திரத்துக்கே நேரம் பாக்கறீங்களாம்மா?" என்றேன்.

சாயங்காலம் அது ஐந்து கைகளாலும் கண்ணாடியைப் பற்றி மெல்ல ஏறியது! தெருவே கூடிவிட்டது. "பொழைக்கும்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க," என்று எல்லாரிடமும் அளந்தேன். அதற்கு ஐந்து கை பனியன் தைக்கப்போவதாகவும் சொன்னேன்.

உண்மை இந்த டைரியில் மட்டும்: மத்தியானமே அழுதுகொண்டு முருங்கை மரத்தடியில் குழி தோண்டிவிட்டேன். அதுவும் ஐந்து மூலை வைத்து. "எந்தக் கிறுக்கன் இப்படித் தோண்டுனான்?" என்றபடி அம்மா அதில் பூசணி விதை போட்டிருக்கிறாள்.