செவலை கத்தவில்லை

நாள் 190. காலை 6.10
செவ்வாய்க் குடியிருப்பு, மாட்டுக் கொட்டகை. எழுதுபவன் நாச்சிமுத்து, வயது 71. எழுதப் படிக்கக் கற்று மூன்று மாதம். இனி அறிக்கையை எனக்காக யாரும் எழுத வேண்டாம். நானே எழுதுவேன்!
மாடு இரண்டு: செவலை, காரி. பால் ஒன்பது லிட்டர், பதினோரு குழந்தைகளுக்கு. சினை ஊசி ஒன்றே ஒன்று மீதி. செவலை சினையாகாவிட்டால் அடுத்த ஆண்டு பால் இல்லை.

நாள் 191. காலை 5.30
செவலை கத்துகிறது. பிழையில்லாமல் எழுதி அனுப்பிவிட்டேன். ஊசியைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கொண்டுவருவார்கள். காத்திருக்கிறேன்.

நாள் 192. மாலை 6.00
கட்டுப்பாட்டு அறை மரகதவல்லியின் பதில்: “ஐயா, மாடு கத்துதுன்னு எழுதியிருந்தீங்களே, சத்தம் வராம தடுப்புத் திரைய இறக்கிட்டேன். இனி நிம்மதியா இருங்க.”
நான்: “அம்மணி, அது காளைக்குக் கத்துது! பருவத்துக்கு வந்திருக்குது!”
“அய்யோ! அதைப் பருவம்னே எழுதக் கூடாதா?”
ஊரில் யார் அப்படிச் சொல்வார்கள்? ரேடியோவில் கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. எழுதத் தெரிந்த சந்தோஷத்தில் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பருவம் முடிந்தது. இனி இருபத்தொரு நாள்.

நாள் 211. பகல் 1.00
புழுதிப்புயல், ஐந்தாம் நாள். மின்சாரம் பாதி. குளிரூட்டி நின்றுவிட்டது. கொட்டகை 36 டிகிரி. ஊசி மருந்து இருக்கும் நைட்ரஜன் உருளை கசிகிறது. மூன்று நாள்தான் தாங்கும்.

நாள் 212. பகல் 11.00
கத்தவில்லை. கழுத்துப் பட்டை மாடு நடக்கும் எட்டுகளை எண்ணும்; நடை கூடினால் பருவம். பருவம் இல்லை என்கிறது. கட்டிப்போட்ட மாடு எங்கே நடக்கும்? அவிழ்த்துவிட்டேன். தரை இரும்புத் தகடு. காரி வழுக்கி, பயந்து, மூலையில் நின்றுகொண்டது. புழுக்கத்தில் மாடு ஊமையாகிவிடும். பருவம் வரும், காட்டாது. பட்டைக்கு இதை யார் சொல்வது?

நாள் 213. காலை 7.00
கீரைத் தோட்டத்தில் மண்தரை, குளிர்ச்சி. மரகதவல்லியை ரேடியோவில் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன்.
“கீரைய மேஞ்சிருமே, ஐயா!”
“மேயட்டும் அம்மணி. கீரை மறுபடி முளைக்கும். கன்னுக்குட்டி முளைக்குமா?”
கதவு திறந்தது.

நாள் 213. மாலை 4.00
அரை மணி நேரத்தில் காரி செவலையின் மேல் ஏறியது. செவலை விலகாமல், அசையாமல் நின்றது. அதுதான் பருவம்! கடைசி ஊசியைப் போட்டாயிற்று. கீரை இரண்டு பாத்தி காலி.

நாள் 234. காலை 5.30
இருபத்தொன்றாம் நாள். இன்று கத்தினால் ஊசி பிடிக்கவில்லை. புயல் ஓயவில்லை. தோட்டத்தைப் பூட்டிவிட்டார்கள். கொட்டகை 37.
கத்தவில்லை.

காலை 9.00
மரகதவல்லி: “சினைதானே, ஐயா? கத்தலையே! இங்க எல்லாரும் கேக்கறாங்க.”

பகல் 2.00
கத்தவில்லை. 38.

மாலை 6.00
அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது. சினை: ஆம், இல்லை. இரண்டு சொல்லும் எனக்கு எழுத வரும்.
கத்தவில்லை.
சினையா, புழுக்கமா? தெரியவில்லை.