ஸ்பேஸ் பார் என்னுடையது

முதலில் தேங்காயெண்ணெய் வாசனைதான் வந்தது. அப்புறம்தான் அந்தத் துணிப்பையைப் பார்த்தேன், அப்புறம்தான் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் வீட்டுக்காரரை. என் ஜெராக்ஸ் கடை வாசலில், திண்டிவனத்து மதிய வெயிலில், உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஆள் மாதிரி நின்றிருந்தார். உன் காரியம் முடிந்த பிறகு அவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். "வாங்கண்ணா" என்றதும் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து சுருட்டிய துண்டு ஒன்றை எடுத்துப் பிரித்து, உன் டேப்லெட்டை என் மேஜைமேல் வைத்தார்.

கண்ணாடி பூராவும் எண்ணெய்ப் பிசுக்கு. டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து உனக்கு உடம்பெல்லாம் அரிப்பு. எந்நேரமும் எண்ணெய் தடவிக்கொண்டே இருப்பாய். அந்த வாசனைதான் அதிலும் ஏறியிருந்தது. கடை வைத்திருப்பவள் கை சும்மா இருக்குமா? ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு டேப் பக்கம் போனேன்.

"ஐயோ, தொடைக்காதம்மா!" என்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். உடனே கூச்சப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "அந்த எடது மூலையில தெரியுது பாரு, அது அவ கட்டவெரலு. அப்டியே இருக்கட்டுன்னு துண்டுல சுத்தி பீரோவுல வெச்சிருந்தேன்."

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இடது மூலையில் சின்ன வட்டமாக ஒரு பிசுக்கு, ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்து உண்டானது. வலது மூலையில் இன்னொன்று, கொஞ்சம் பெரியது.

"இது யாருதுண்ணா?"

"அது என்னுது."

எனக்குப் புரிந்துவிட்டது. நம் விளையாட்டில் நீ ஓட்டியிருக்கிறாய். அவர் குதித்திருக்கிறார். அடியே, செத்துப்போனவளிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? வயிறு பற்றி எரிந்தது எனக்கு.

குதிக்கிற வேலை யாருடையது என்று அவருக்குத் தெரியுமா? நம் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர் என்பது சட்டம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம், பேக்கரிக்கு மேலே, மாடியில் அந்த ஒற்றை அறை. கீழே பன் வேகிற வாசனைக்கு மேலே பசியோடு உட்கார்ந்து டைப் அடிப்போம். சார் டீக்கு இறங்கியதும் நீ அந்தக் கோட்டை விளையாட்டைத் திறப்பாய். ஒரு ஆள் கோட்டைக்குள் ஓடுவான். பள்ளம் வரும், முள் வரும், தாண்ட வேண்டும். ஒருத்தர் விளையாட வேண்டிய விளையாட்டு அது. நாம் இருந்ததோ இரண்டு பேர். மாற்றி மாற்றி விளையாட உனக்கும் பொறுமை இல்லை, எனக்கும் இல்லை. அதனால் அந்த ஆளையே பாதியாகப் பிரித்துக்கொண்டோம். வலது பக்கம் நீ, அம்புக்குறிப் பட்டன்கள். இடது பக்கம் நான், ஸ்பேஸ் பார். நீ ஓட்டுவாய், நான் என் இடது கட்டைவிரலால் குதிக்க வைப்பேன்.

"காலு என்னுது, உசுரு உன்னுது. பாத்து அடிடி," என்பாய்.

அந்த ஸ்பேஸ் பார் பழசு, 'டக்' என்று விழும். நீ திரையைப் பார்த்ததைவிட அந்தச் சத்தத்தைக் கேட்டதுதான் அதிகம். டக் விழுந்தால் நான் குதித்துவிட்டேன் என்று நம்பி ஓடிக்கொண்டே இருப்பாய். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்து, குணமாகித் திரும்பினால், என் நாற்காலியில் மயிலம் ரோட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து என் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். நாள்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். கடைசியில் நீதான் வந்தாய். "அவ அடிச்சா சத்தமே வரலடி, பேஜாரா இருக்குது. வந்து குந்து" என்றாய். அந்த ஒரு பேச்சுக்காகவே இன்னொரு தடவை கோபித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கோட்டையின் கடைசி வாசலில் ஒரு காவல்காரன் நிற்பான், ஞாபகம் இருக்கிறதா? ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நம்மைப் பார்த்தே நிற்பான். பள்ளிக்கூடத்தில் மண்டகப்பட்டு குகைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார்களே, அங்கே வாசலில் நிற்கிற கல் ஆள்களைப் போலவே இருக்கிறான் என்று அவனுக்கு மண்டகப்பட்டான் என்றே பேர் வைத்தாய். அவனைத் தாண்டினால் கதவு, கதவோடு ஆட்டம் முடிந்தது. நாம் தாண்டியதே இல்லை. பாதியில் கரண்ட் போகும், இல்லாவிட்டால் சாரின் செருப்புச் சத்தம் படியில் கேட்கும். விட்ட இடத்திலிருந்து பிடிக்க அதில் வழி கிடையாது; மறுபடியும் முதல் பள்ளத்திலிருந்துதான்.

கல்யாணமாகி நீ வளவனூருக்குப் போன அன்று காருக்குள்ளிருந்து என் கையைப் பிடித்து என்ன சொன்னாய்? எல்லோரும் ஏதோ அழுகைப் பேச்சு என்று நினைத்தார்கள். "மண்டகப்பட்டான நாம ரெண்டு பேரும் சேந்துதான் தாண்டறோம். நான் தனியா தொட மாட்டேன்" என்றாய். சரி, தனியாகத் தொடவில்லைதான். கூட ஆள் வைத்துக்கொண்டு தொட்டிருக்கிறாய்.

உன் வீட்டுக்காரர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். வளவனூரில் உரக்கடை வைத்திருப்பவர், மூட்டை தூக்கிக் காய்த்த விரல்கள். அந்த விரலா டக் அடித்தது? எனக்கு அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த வாசலைத் தாண்டினீர்களா இல்லையா? கேட்கவும் பயம். தாண்டவில்லை என்று சொல்லிவிட்டால் போதும், உன்னை எல்லாவற்றுக்கும் மன்னித்துவிடலாம் என்றிருந்தேன்.

அவராகவே சொல்ல ஆரம்பித்தார். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மிஷினில் போட்டால் பாதி நாள் அப்படியே படுத்திருக்க வேண்டும். ஊசி ஏறிய வலது கையை அசைக்கக் கூடாது. மிச்சம் இருந்தது இடது கை. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டெல்லாம் டேப்பில் வருகிறது என்று நீயே எங்கேயோ தேடிப் பிடித்து இறக்கியிருக்கிறாய். அம்புக்குறி கண்ணாடியிலேயே இடது மூலையில் தெரிந்தது. குதிக்கிற பட்டன் வலது மூலையில். அங்கே அசைக்கக் கூடாத கை.

"நீ வந்து அமுக்குய்யான்னா. எனுக்கு இன்னாத் தெரியும்? உர மூட்டைக்கு பில்லு போடவே பையனத் தேடறவன் நானு. கண்ணாடில எங்க தொட்டாலும் ஒரே மாதிரி இருக்குது, பட்டன் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே தெரில. தப்புத்தப்பா அமுக்கினேன். அந்த ஆளு உழுந்துக்கினே இருந்தான். அவ தலயில அடிச்சிக்கல, அவ்ளோதான். இருக்கறது ஒரு கைதானே." சிரித்தார். "அப்பறம் கண்ண மூடிக்கினு சொன்னா, 'சத்தமே வரலய்யா. சத்தம் வந்தாத்தான் எனுக்கு ஓட்ட வரும். நீ அமுக்கும்போது வாயால டக்குன்னு சொல்லு'ன்னு."

"சொன்னீங்களா?"

"சொன்னேனே! வார்டு பூரா படுத்துக்கினு இருக்காங்க, நர்சம்மா போய்க்கினு வந்துக்கினு இருக்குது, நான் ஸ்டூல்ல குந்திக்கினு டக்கு, டக்குன்னுகினு இருந்தேன். பக்கத்து பெட்டு பெரியவரு, இவருக்கு இன்னா ஒடம்புன்னு கேட்டாரு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன்மேல் எரிச்சலானேன். அந்த டக் என்னுடையது. வாயால் சொன்னாலும் என்னுடையது. உன்னைப் பார்க்க விழுப்புரத்துக்கு நான் பஸ் ஏறி வந்த நாளிலெல்லாம் இந்த டேப் உன் தலையணைக்கு அடியில்தானே இருந்திருக்கும்? என்னிடம் மாத்திரை பற்றிப் பேசினாய், மழை பற்றிப் பேசினாய், மல்லாட்டை மூட்டை விலை பற்றிக்கூடப் பேசினாய். பக்கத்தில் ஸ்டூலைக் காட்டி, வந்து குந்துடி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

"அந்தக் கடைசி வாசல்..." என்றேன்.

"தாண்டிட்டோம்மா."

எதிர்பார்த்திருந்தும் அது நெஞ்சில் வந்து விழுந்தது. டேப்பில் விட்ட இடத்தைச் சேவ் பண்ணி வைத்து, விழுந்தால் அங்கிருந்தே எழுந்திருக்கலாமாம். அப்படிச் சேவ் போட்டுத் தாண்டுவதெல்லாம் ஒரு தாண்டலா என்று கேட்க நாக்கு துடித்தது. ஜெராக்ஸ் பேப்பர் கட்டு ஒன்றை எடுத்து, ஏற்கெனவே நேராக இருந்ததை மேஜையில் தட்டித் தட்டி நேராக்கினேன்.

"கதவு தெறந்துச்சி. ஏதோ பாட்டு வந்துச்சி. எனுக்கு அவ்ளோ சந்தோசம், மொத மொதலா ஒரு விசயத்துல பாஸாயிட்டேன்னு. அவ என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. 'செல்விகிட்ட சொல்லணும்யா, போன எடு'ன்னா. எட்துக் குட்தேன். கையில வெச்சிக்கினே கொஞ்ச நேரம் இருந்தா. அப்பறம், 'வேணா, வயிறு எரிவா'ன்னு திருப்பிக் குட்துட்டா."

நான் தட்டுவதை நிறுத்தினேன்.

"நீ எரிவியோ இன்னாவோ, எரிஞ்சது நானுதான்." டம்ளரை நகர்த்தி வைத்தார். இப்போது சிரிப்பில்லை. "இத்தினி வருசம் கேட்டுக்கினே இருந்தேன்மா. ஒவ்வொரு பள்ளத்துலயும் உம்பேரு. கொஞ்சம் லேட்டாயிட்டா, 'செல்வியா இருந்தா இந்நேரம் தாண்டியிருப்பா.' ஜல்தியா அமுக்கினா, 'செல்வி இப்டி அவசரப்பட மாட்டா.' ஆஸ்பத்திரின்னு இல்ல, ஊட்டுலயும் அப்டித்தான். ஒரு கொழம்பு நல்லா இல்லன்னு நான் சொன்னா கூட, 'இது செல்விக்குப் புடிச்ச கொழம்பு'ம்பா. நான் யாரும்மா அவளுக்கு? இத உங்கிட்ட குட்துடணும்னு சொல்லிட்டுத்தான் போனா. எனுக்குத்தான் மனசு வரல. இத்தினி மாசம் பீரோவுல வெச்சிக்கினு பாத்துக்கினு இருந்தேன். இன்னிக்கு ஒரு வேகத்துல பஸ் ஏறிட்டேன்."

அவர் கண் டேப்மேலேயே இருந்தது. கொடுக்க வந்தவர் மாதிரியே இல்லை. பிடுங்கிக்கொள்ள நானும் ஆசைப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரு ஆள் உலகத்தில் இருந்திருக்கிறார், அதுவும் உன் பக்கத்திலேயே, தினமும் உன் திட்டை வாங்கிக்கொண்டு. எனக்குப் பெருமையாக இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அதற்குள் அந்தத் திட்டெல்லாம் அவருக்குத்தானே கிடைத்தது என்று மறுபடியும் எரிந்தது.

"ஒரு ஆட்டம் போட்டுப் பாக்கலாமாண்ணா?" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். விளையாட்டைத் திறந்து முதல் பள்ளத்துக்கே போனார். சென்டரில் உட்கார்ந்த பழக்கத்தில் நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆள் திரையில் வந்து நின்றதும் என் இடது கட்டைவிரல் தானாகப் போய் கண்ணாடியில் இறங்கிவிட்டது. எனக்கு அது ஸ்பேஸ் பாரின் இடம். டேப்பில் அதுதான் அம்புக்குறி. உன் இடம். உன் கட்டைவிரலின் வட்டத்துக்கு மேலேயே என் விரல் உட்கார்ந்திருந்தது.

எடுத்தாலும் அழிந்துவிடும், வைத்திருந்தாலும் அழிந்துவிடும். அவர் என் விரலைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அந்தக் காய்த்த விரலை எடுத்து வலது மூலையில் வைத்துக்கொண்டு, "ம், ஓட்டு" என்றார்.

ஓட்டினேன். எனக்கு ஓட்டத் தெரியாது, காலம் பூராவும் குதித்தவள்தானே. அந்த ஆள் தள்ளாடித் தள்ளாடிப் பள்ளத்துக்கு வந்தான். "டக்கு" என்றார் உன் வீட்டுக்காரர். லேட். ஆள் உள்ளே விழுந்துவிட்டான்.

"இன்னாண்ணா நீங்க! நானா இருந்தா இந்நேரம்..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "இன்னொரு தபா திட்டும்மா" என்றார். திட்டினேன். மண்டகப்பட்டான் பக்கமே நாங்கள் போகவில்லை. இரண்டாவது முள்ளையே தாண்டவில்லை.

பொழுது சாய்ந்ததும் டேப்பை நானே துண்டில் சுற்றி அவர் பையில் வைத்தேன். "உங்ககிட்டயே இருக்கட்டும். அடுத்த வாரம் எடுத்துக்கினு வாங்க" என்றேன். அவருக்கு அவ்வளவு நிம்மதி. பையை மடியில் அணைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் ரொம்பப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார்.

கடைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். கை கழுவவில்லை. என் இடது கட்டைவிரலில் உன் தேங்காயெண்ணெய் வாசனை இன்னும் இருக்கிறது. கண்ணாடியில் இருந்ததெல்லாம் எனக்கு வந்துவிட்டதடி, அவரிடம் இருப்பது வெறும் டேப். இதை அவரிடம் நான் சொல்லப் போவதில்லை. வேண்டாம், வயிறு எரிவார்.