இனி லைனில் பழி போடாதே மகன்

சாய்ந்தமருது,
ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் றுமைஸுக்கு உம்மா நஸீறா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹ்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். வாப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, உன் தங்கச்சி ஸப்னாவின் பிள்ளைக்குப் பல் முளைத்துக் கண்டதையெல்லாம் கடிக்கிறாள். நீயும் சுகம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய், அதை மட்டும் நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, ஏன் என்று இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் உனக்கு விளங்கும். கையில் போன் இருக்க உம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் கேட்டால் லைன் ஸ்லோ உம்மா என்று சொல்லி வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மாளிகைக்காட்டு முகம்மது தம்பி லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிறார், பார்சலோடு இதையும் உன் கையில்தான் தரவேண்டும், அறையில் இருக்கிற வேறு யாரிடமும் கொடுத்துவிட்டு வரக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

முதலில் நெட்டுக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நீதான் அங்கிருந்தபடியே கம்பனிக்குக் கதைத்துப் பெரிய பெக்கேஜுக்கு மாற்றினாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அறைக்கு வந்ததும் போனைத் தண்ணிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு நீ சாப்பிடுவதும், நான் இங்கேயிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பதும்தானே நம்முடைய வழக்கம். படம் விட்டுவிட்டு வருகிறது, உம்மா பாதிச் சோற்றைத்தான் பார்க்கிறா என்று சொல்லித்தான் மாற்றினாய். இனிமேல் நான் பக்கத்தில இரிக்கிற மாதிரித் தெரியும் உம்மா என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம். கம்பனியிலிருந்து வந்து பழைய பெட்டியைக் கழற்றிக்கொண்டு, கொம்பு இரண்டு வைத்த வெள்ளைப் புது ரவுட்டர் ஒன்றை ஹோலில் டீவிக்குப் பக்கத்தில் பூட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு நெட் குதிரை மாதிரி ஓடியது. அடுத்த நாளிலிருந்து பழைய பெக்கேஜே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. உன் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது, நீ வாயைத் திறந்தால் மூடுவதற்குள் எனக்கு மற்ற வேலை முடிந்துவிடும். கூடக் காசு வாங்கிக்கொண்டு குறைத்துத் தருகிறார்கள் என்று நான் அன்றைக்கே சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

நீ சொன்னபடி சுவர் சுவிட்சில் ரவுட்டரை நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டுப் பார்த்தோம், கொஞ்ச நேரம் உயிர் வந்து பிறகு பழையபடி. மருமகன் றாஸிக் என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய போன் இந்த வேகத்தப் புடிக்காது மாமி என்றார். அவர் ஒரு புதுப் போனுக்குக் கண் வைத்திருப்பது எனக்குத் தெரியாதா. அவருடைய போனிலும் அதே கதைதான் என்று ஸப்னா சொன்னதும் எழுந்து போய்விட்டார். அடுத்த மதில் றாஹிலாவின் பிள்ளைகள் மதிலோடு ஒட்டி நின்று போன் நோண்டுவதைக் கண்டேன். நம்முடைய நெட்டைத்தான் உறிஞ்சுகிறார்கள் என்று நினைத்து, பாஸ்வேட்டை மாற்று என்று ஸப்னாவை விடவில்லை. அவள் வைத்த பாஸ்வேட் யாருக்கும் வாயில் நுழையவில்லை, றாஸிக்கே வேலையால் வந்து வாசலில் நின்றுகொண்டு நெட்டுக்காகக் கெஞ்ச வேண்டியதாகிவிட்டது. அப்படி மாற்றியும் ஒரு வித்தியாசமும் இல்லை. றாஹிலா வீட்டில் சொந்தமாக லைன் இருக்கிறதாம், அதுவும் நம்முடையதை விட நல்ல லைனாம். இதைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

நீ கம்பனிக்கு முறையிட்டு, காரைதீவு வினோஜ் என்ற பொடியன் வந்தான். நல்ல மரியாதையான பொடியன், செருப்பை வாசலிலேயே கழற்றினான். மெஷினைப் பொருத்திப் பார்த்துவிட்டு, லைனில ஒரு பிழையும் இல்ல அம்மா, நீங்க கேட்ட ஸ்பீட் முழுக்க வருது என்று என் போனிலேயே காட்டினான். காட்டியது உண்மைதான், மக்காவின் நேரடி ஒளிபரப்பு ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல் ஓடியது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். அவன் மோட்டார் சைக்கிள் மெயின் ரோட்டைத் தாண்டியிருக்காது, நெட் பழையபடி படுத்துவிட்டது. திரும்பவும் முறையிட்டோம், திரும்பவும் அவனே வந்தான், வந்ததும் நெட் ஓடியது, போனதும் படுத்தது. நீயே சொல், யாருக்குத்தான் சந்தேகம் வராது. அவன் பையிலுள்ள எதையோ வைத்து வேகத்தைக் கொண்டுவருகிறான், போகும்போது கழற்றிக்கொண்டு போகிறான் என்று நான் தீர்மானமாகச் சொன்னேன். உன் வாப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நீ ஆரையும் நம்பமாட்டாய் நஸீறா, கடைசியில என்னையும் நம்பமாட்டாய் என்றார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், சத்தம் போட்டுச் சிரிக்காதே. ரவுட்டர் பூட்டிய மறுநாள் றாஹிலா வந்தாள், வந்தவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எவ்வளவு வடிவான பெட்டி, றுமைஸ் வாப்பாக்கும் உம்மாக்கும் எல்லாத்தையும் புதுசு புதுசாத்தான் செய்றான் என்றாள். ஒரு மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. நீ அந்த வெயிலில் மெஷினுக்கு முன்னால் நின்று அலுமினியம் வெட்டி உழைத்த காசு, அதில் கண்ணூறு பட்டால் பெட்டிக்கா படும், உனக்கல்லவா படும். அவள் போனதும் வயரோடு தூக்கி என்னுடைய கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். உள்ளே பல்ப் போடுவதற்காக றாஸிக் முன்பு பின்பலகையில் போட்ட ஓட்டையால் வயர் போனது. முன்னால் என் சீதனத்துப் பித்தளை வெற்றிலை வட்டா இரண்டையும் நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் படிக்கத்தையும் செம்பையும் வைத்து, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி மறைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். வினோஜ் வருகிறான் என்றால் பிற ஆண்பிள்ளைக்கு அலுமாரியைத் திறந்து காட்டவா முடியும், அதனால் அவன் வருவதற்கு முன்னமே ரவுட்டரை எடுத்து மேசையில் விரிப்புப் போட்டு வைப்பேன், அவன் போனதும் திரும்ப உள்ளே வைப்பேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, கேட்டவர்களும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை பெருநாள் வேலை தொடங்கி, அலுமாரியைத் திறந்து பித்தளைச் சாமான் எல்லாவற்றையும் இறக்கி, ஹோலில் பாய் போட்டுப் பழப்புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஸப்னா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள், வாப்பா பள்ளிவாசலில். அப்போது நீ கோல் எடுத்தாய். புளிக் கையோடு விரல் முட்டியால் தட்டி எடுத்தேன். யா அல்லாஹ், உன் முகம் என் முன்னால் வந்து உட்கார்ந்த மாதிரித் தெரிந்தது. தாடியில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை தெரிந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததும் தெரிந்தது. உனக்கு அது தெரியாது, வழக்கம்போல உடைந்த படம்தான் உம்மாவுக்குப் போகிறது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். கதைத்துக்கொண்டே தண்ணிப் போத்தலை எடுத்துக் குடித்தாய். இடக்கையால்.

மகன், உனக்கு நடக்கத் தெரியும் முன்னமே வலக்கையால் குடிக்கப் பழக்கியவள் நான். இடக்கையை நீட்டினால் கையில் தட்டி, பிஸ்மி சொல்லி வலக்கையில் கோப்பையைத் தருவேன். காய்ச்சலில் கிடந்தபோதும் நீ இடக்கையால் தண்ணீர் குடித்ததில்லை. நான், ஏன் மகன் அந்தக் கையால குடிக்கிறாய் என்று கேட்டேன். நீ திடுக்கிட்டாய். முகம் மாறியது, படம் போய்க் கறுப்பாகியது, குரல் மட்டும், உம்மா லைன் ஸ்லோவாகுது, பிறகு எடுக்கிறன் என்றது. நான் உடனே ஸப்னாவைக் கூப்பிட்டு, அவள் போனில் சமையல் வீடியோ ஒன்றைப் போடச் சொன்னேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. றாஸிக் வந்ததும் ஸ்பீட் பார்க்கச் சொன்னேன், முழுக்க இருந்தது. வட்டாக்களை அலுமாரியில் அடுக்கிப் பூட்டிப் பார்த்தேன், நெட் படுத்தது. இறக்கிப் பார்த்தேன், எழும்பியது. றாஸிக் அப்போதுதான் ரவுட்டர் அலுமாரிக்குள் இருப்பதையே கண்டார், பின்பக்கம் முகம் பார்க்கிற கண்ணாடி, முன்னால பித்தளை, பிறகு நெட் எப்படி மாமி வெளிய வரும் என்று தலையில் கையை வைத்தார். வினோஜுக்கும் றாஹிலாவுக்கும் நான் செய்த பாவத்தை அல்லாஹ் மன்னிக்க வேண்டும். றாஹிலா வீட்டுக்குப் பெருநாளுக்கு வட்டிலப்பம் இரண்டு கொடுப்பதாக வைத்திருக்கிறேன்.

அப்படியென்றால் அதற்கு முன்னால் ஸ்லோவானதெல்லாம் என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்குப் படம் போனது என் பிழையில்லை. அதை யார் போக்கியது என்று உனக்குத் தெரியும். உன் கையைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரிடமும் நான் வாய் திறக்கவில்லை, தனியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தேன். முதலில் நெட் படுத்தபோது கம்பனிக்காரனோடு சண்டை பிடித்தவன் நீதான், பிறகு ஒரு வெள்ளியிலிருந்து, பரவாயில்ல உம்மா, லைன் அப்படித்தான் என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினாய். அந்த வெள்ளியிலிருந்து உன் சாப்பாட்டை நான் காணவில்லை, எப்போது கேட்டாலும் இப்பதான் சாப்பிட்டன். முன்பு வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவாய், இப்போது எல்லாம் வொய்ஸ். கத்தார் வெயிலில் முழுக்கைச் சட்டை. படத்தில் எப்போதும் கழுத்துக்கு மேலே மட்டும். உடைந்த படத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நீ நினைத்தாய், நானும் ரவுட்டரைப் பூட்டி வைத்து உனக்கு உதவி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இன்னுமொன்று. பார்சலில் உடுக்க மருதமுனைச் சாரன் இரண்டு, கருவாடு, கோப்பித்தூள் வைத்திருக்கிறேன். அதை நைலோன் கயிற்றால் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுக் கட்டினேன். அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும். உன்னையே அவிழ்க்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும் என்று முகம்மது தம்பியிடம் சொல்லி வைத்தேன். இன்றைக்குக் காலையில் கட்டிக்கொண்டிருக்கும்போது வாப்பா பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் இவ்வளவு முடிச்சு என்றார். அவனே அவிழ்க்கட்டும் என்றேன். கை ஏலாத புள்ளைக்கு என்னத்துக்கு நஸீறா இந்த முடிச்சு என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு தொப்பியைத் தேடினார், பள்ளிக்கு நேரமாகுது என்று வெளியே போனார். பாங்குக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நீ சொல்ல வேண்டும். மெஷினிலா பட்டது, எத்தனை விரல், ஆஸ்பத்திரியில் பக்கத்தில் யார் இருந்தார்கள், சோற்றை யார் பிசைந்து தந்தார்கள், இரவில் வலிக்கும்போது யாரைக் கூப்பிட்டாய். உம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டா என்று வாப்பாவும் மகனும் சேர்ந்து முடிவெடுத்திருப்பீர்கள். நான் தாங்குவேன். எனக்குத் தெரியாமல் நீ வலியோடு கிடந்தாய் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. போனில் சொல்லாதே, வொய்ஸ் அனுப்பாதே. கடதாசியில் எழுதி முகம்மது தம்பியின் கூட்டாளிகள் யாரும் ஊருக்கு வந்தால் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் படம் பிடித்து அனுப்பு. உன் கையெழுத்து எனக்குத் தெரியும். வலக்கையால் எழுத முடிந்தால் இரண்டு வரி போதும். முடியாவிட்டால் இடக்கையால் எழுது, கோணல் மாணலாக இருந்தாலும் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொள்வேன்.

ரவுட்டர் இப்போது டீவிக்கு மேலே எல்லோரும் பார்க்க இருக்கிறது, யார் பார்த்தாலும் பார்க்கட்டும். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போன் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன். போனைத் தண்ணிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு என் முன்னால் சாப்பிடு, எந்தக் கையால் சாப்பிட்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வேலைக்கு அவசரப்பட்டுப் போகாதே, மருந்தை நேரத்துக்குப் போடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு முழுச் சுகத்தையும் நீண்ட ஹயாத்தையும் தரவேண்டும், நீ உன் காலால் நடந்து வந்து இந்த வாசலில் நிற்பதை என் கண்ணால் காணவேண்டும், ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிற துஆ இதுதான்.

பார்சல் முடிச்சுகளை அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டேன். நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். ஒரு கையால் இழுத்தாலே அவிழும்.

இப்படிக்கு,
உன் உம்மா,
ம. நஸீறா.