ஆற்றில் வெள்ளம், மீன் இல்லை

ஜூலை 9
போர்வைக்குள் அம்மாவின் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா பார்த்தால் தொலைந்தேன்.
திருப்பூர் மாரப்பன் மாமாவிடம் அப்பா பேசியது காதில் விழுந்தது. "ஆடி முடியற வரைக்கும் பாப்பேன் மச்சான். கடை ஓடலைன்னா மூடிட்டு, சோபனாவ உங்க மில்லுக்கே அனுப்பிடறேன்."
நான் பத்தாவது படிக்கிறேன். அது யாருக்கும் ஞாபகம் இல்லையா?

ஜூலை 13
காவிரியில் வெள்ளம். ஒகேனக்கல்லில் பரிசல் ஓடவில்லை. எங்கள் சாப்பாட்டுக் கடை இருக்கும் பென்னாகரம் ரோட்டில் வண்டிகளே குறைவு. நிற்பவர்களும் மீன்தான் கேட்கிறார்கள். மற்ற கடைகளில் எங்கிருந்தோ வரும் ஐஸ் மீன். அம்மாவோ இங்கே விளைவதை, அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதை மட்டும்தான் சமைப்பாள்.
"மீனு இல்லாம இந்த ரோட்டுல ஒரு கடையா?" என்றார் அப்பா. அம்மா கொள்ளு அரைத்தாள்.

ஜூலை 20, ஞாயிறு
தப்பு செய்துவிட்டேன்.
கடை போர்டு எழுதுவது நான்தான். இன்று யாரையும் கேட்காமல் 'மீன் வறுவல்' என்று எழுதினேன். வண்டி நின்றால் போதும் என்றுதான். நின்றது, ஒரு வேன் நிறைய.
"மீனு இல்லீங்க. ஆத்துல செந்தண்ணி ஓடுது. புள்ள தெரியாம எழுதிட்டா" என்றாள் அம்மா.
"அப்பறம் போர்டு எதுக்கும்மா?" கத்திவிட்டுப் போய்விட்டார்கள்.
அப்பா என்னைத் திட்டக்கூட இல்லை. ஐயோ, முடிவே பண்ணிட்டாரா?
படுக்கும்போது அம்மா சொன்னாள்: "இல்லைன்னா இல்லைன்னே எழுது கண்ணு."

ஜூலை 21
எழுதினேன். 'ஆற்றில் வெள்ளம், மீன் இல்லை. மாங்காய் முடியப் போகிறது, சீக்கிரம் வாங்க. களி, கொள்ளுக் குழம்பு, பண்ணைக்கீரை உண்டு.'
அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "இல்லைங்கறத யாராச்சும் பெருசா எழுதுவாங்களா, லூசு?"

ஜூலை 26
பைக்கில் வந்த இரண்டு பேர் போர்டைப் படித்துச் சிரித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். "அக்கா, மாங்கா முடிஞ்சிருச்சா, இருக்குதா?" அம்மாவே சிரித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3
ஆடிப் பதினெட்டு. போட்டோ பார்த்து வந்தோம் என்று ஒரு கூட்டம். உட்காரும் முன்பே கேள்வி: "இன்னிக்கு என்னங்க இல்ல?" களி தீர்ந்து அம்மா மறுபடி கிண்டினாள். அப்பா குழம்பு வாளியோடு ஓடினார்.

ஆகஸ்ட் 14
ஆடி முடியப் போகிறது. அப்பா கடைக் கணக்கு நோட்டையே புரட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
காலையில் மாமா போன். நான் கதவுக்குப் பின்னால்.
"அவ வரமாட்டா மச்சான். பரீட்சை இருக்குது. போர்டு வேற எழுதணுமில்ல?"
பிறகு அப்பா ஆற்றுப் பக்கம் போய், ஈரப் பையோடு வந்தார். தண்ணீர் தெளிந்துவிட்டதாம். பரிசல்காரர் பிடித்த கெண்டை. 'மீன் உண்டு' என்று எழுதினேன்.
பாதிப் பேர் சாப்பிடும் முன்பே மீன் தீர்ந்துவிட்டது. அப்பாதான் சாக்பீஸை நீட்டினார்.
"இல்லைன்னு எழுது பாப்பா. பெருசா எழுது."