போனுக்கு வைத்த சந்தனம்

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், நாச்சிமுத்து மாமா வீட்டில் எல்லோரும் சுகம், மல்லிச் செடிகளும் சுகம். நாக்பூரில் நீ சுகமா, ஆஸ்பத்திரி வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டு எட்டு நாளாக மோட்டார் ரூம் மாடியில் ஏறி நின்று போனில் கத்தினேன். அதில் ஒரு வார்த்தைகூட உன் காதுக்கு வந்து சேரவில்லை என்பது இன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் நேராகத் திண்டுக்கல் பெரிய தபாலாபீசுக்கு வந்து, பசை டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சண்டை போட எழுதும் கடிதம் இல்லை, கிழித்துவிடாதே.

நீ ரயில் ஏறும்போது ஜங்ஷனில் வைத்து, "போனா போனவதான், இனிமே என்கிட்ட பேசாத" என்று நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. மறுநாள் ஆயுத பூசை. அன்று சாயங்காலம் நீ போய்ச் சேர்ந்து கூப்பிட்டாய். அம்மா, அம்மா, லைன்ல இருக்கியாம்மா என்று மூன்று தரம் கேட்டாய், நான் இருக்கேன்டி, சாப்டியா, ரூம் கிடைச்சிச்சா என்று அடுக்கிக்கொண்டே போனேன், நீ வைத்துவிட்டாய். அடுத்த நாளும் அப்படியே. என் குரல் கேட்டதுமே வைக்கிறாயே, அம்புட்டுக் கோபமா என்று நினைத்துக்கொண்டேன். மாமாவிடம் போன் சரியில்லை என்று மட்டும் சொன்னேன், டவர் கோளாறு என்றார். சிம்மைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டேன், அணைத்து அணைத்துப் போட்டேன், மாடியில் நாலு மூலையிலும் நின்று பார்த்தேன். பூ மார்க்கெட் கமிஷன் கடைக்காரரும் இரண்டு தரம் ஹலோ ஹலோ என்றுவிட்டு வைத்தார். உனக்குத்தான் கோபம், அந்த மனுசனுக்கு என்ன கோபம் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும், புத்தி வேலை செய்யவில்லை. நாலாம் நாள் நீ, இனி கூப்பிடமாட்டேன், தீபாவளிக்கும் வரவில்லை என்று எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு அன்று முழுக்கப் பூப் பறிக்கப் போகவில்லை. பதில் எழுதலாம் என்றால் நீ காலேஜில் வைத்திருந்த போன்தானே இது, கீழ்ப்பக்கம் கண்ணாடி விரிசல் விட்டு ஓர் எழுத்தைத் தட்டினால் வேறு எழுத்து விழுகிறது. அதனால் ஏழு வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்பினேன். மாமா போனில் கூப்பிட்டிருக்கலாம், என் மகள் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

போனின் முதுகும் இரண்டு மாதமாக உப்பிக்கொண்டு வந்தது. மூடி பிளந்துவிடாமல் பூக்கட்டுகிற நூலால் சுற்றிக் கட்டி வைத்திருந்தேன். இன்று அதையும் காட்டிவிடலாம் என்று பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆரிபா என்று ஒரு பிள்ளை ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள், உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். நூலைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு என்னைப் பேசச் சொல்லி ரெக்கார்டு செய்து போட்டுப் பார்த்தாள், சத்தமே இல்லை. இயர்போன் குத்திப் பேசச் சொன்னாள், என் பேச்சு கணீரென்று வந்தது. அப்படியென்றால் டவரும் இல்லை சிம்மும் இல்லை, போனில் இருக்கிற மைக்தான் என்றாள். லென்சைக் கண்ணில் மாட்டிக்கொண்டு போனின் அடிப்பக்கத்தைப் பார்த்தவள் நிமிர்ந்து, "என்னம்மா, போனுக்குச் சாமி கும்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

கும்பிட்டேன் செல்வி. பூசையன்று அரிவாளுக்கும் மம்பட்டிக்கும் மோட்டாருக்கும் வைத்த கையோடு போனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். முன்னால் வைத்தால் கண்ணாடி கெட்டுவிடும் என்று கீழே சார்ஜர் குத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இனிமேல் நீ இதில்தானே எனக்கு வரவேண்டும் என்று மற்றதற்கெல்லாம் வைத்ததைவிடத் தாராளமாகவே அப்பினேன். ஆரிபா சின்ன பிரஷ்ஷால் அங்கே இருந்த மைக் துளையைச் சுரண்டி ஒரு வெள்ளைத்தாளில் தட்டினாள், கடுகளவு சந்தனம், அவ்வளவுதான். மறுபடி பேசச் சொல்லி ரெக்கார்டு செய்தாள், என் குரல் அப்படியே திரும்பி வந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு நான் கத்திவிட்டேன். பிறகு நான் உனக்கு அனுப்பிய ஏழு மெசேஜையும் வரிசையாகப் போட்டுக் காட்டினாள். ஏழும் வெறும் காற்று. பேசாதே என்று சொல்லி அனுப்பிய அம்மா, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஊமையாக நிற்கிறாள் என்றுதானே நீ நினைத்திருப்பாய். அதை நினைத்ததும் கடையிலேயே அழுதுவிட்டேன், ஆரிபா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

உடனே உன்னைக் கூப்பிடுவோம் என்றால் அவள் விடவில்லை. பேட்டரி உப்பிய போனை இனி ஒரு நிமிசம்கூட ஓடவிடக் கூடாது, வெடித்துவிடும் என்று அணைத்து வைத்துக்கொண்டாள். பழைய மாடல், பேட்டரி சென்னையிலிருந்து வரவேண்டுமாம், வருகிற வியாழக்கிழமை ஆகும். அவள் போனிலிருந்து உன்னை இரண்டு தரம் கூப்பிட்டோம், நீ எடுக்கவில்லை. தெரியாத நம்பரை எடுக்காதே என்று உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னவளே நான்தான், யாரைக் குறை சொல்ல. இதையெல்லாம் அடுத்தவர் போனில் சொல்ல மனசு வரவில்லை, அதனால்தான் வியாழனுக்குள் உன் கைக்கு வரும்படி ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். நீயும் சார்ஜ் போட்டபடியே தலையணைக்குக் கீழே போனை வைத்துத் தூங்குகிற பழக்கத்தை விடு. நைட் டியூட்டிக்குப் போகும்போது வெறும் டீயோடு போகாதே.

அந்த ஏழு மெசேஜிலும் நான் பேசியது ஒன்றேதான். கோபத்தில் வாய் தவறிவிட்டது, உன்னோடு பேசாமல் என்னால் இருக்க முடியாது, அவ்வளவு தூரம் தனியாகப் போக உனக்கிருந்த தைரியம் எனக்குப் பெருமை. தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. நோய் நொடி இல்லாமல், வேலை பார்க்கும் இடத்தில் நல்ல பெயரோடு நீ நூறு வருசம் இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவேன். எடுத்ததும் நீ எதுவும் பேச வேண்டாம், நானே பேசுகிறேன். பேசி முடித்ததும், கேக்குதும்மா என்று மட்டும் சொல், எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
எட்டு நாளும் உன்னோடு பேசிக்கொண்டே இருந்த அம்மா,
சுந்தரம்மாள்